நேர்கோட்டு ரிக்ரெஷனுக்கு முன் சிதறல் வரைபடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாறியைக் கொண்டு மற்றொன்றைக் கணிக்கும் கோட்டைத் தரவுக்குப் பொருத்துவதே ரிக்ரெஷன்; பாடநூல்களில் அது தொடர்புப் போக்கு என்று அழைக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவீட்டையும் இரு அச்சுகளுக்கிடையே ஒரு புள்ளியாகக் குறிக்கும் படமே சிதறல் வரைபடம். ரிக்ரெஷனைப் புதிதாகக் கற்பவர்கள் இந்தப் படத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகளாக வரும் தரவுத்தொகுப்புகளில் பெரும்பாலானவை புள்ளியியல் நிரல்மொழியான ஆர் மொழியுடனோ அதன் பொதுத் தொகுப்புகளுடனோ இலவசமாகக் கிடைப்பவை. ஆகவே இங்கே சொல்லப்படும் எண்களை வாசகர்கள் தாங்களே கணக்கிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கணினி ஒரு நொடியில் கோட்டைப் பொருத்தித் தருகிறதே, அதற்கு முன் படம் எதற்கு?

புள்ளிகளுக்கும் கோட்டுக்கும் இடையிலான செங்குத்துத் தொலைவுகளின் வர்க்கங்களின் கூடுதலைச் சிறுமமாக்கிக் கோட்டைத் தேடும் மீச்சிறு வர்க்க முறைக்கு மறுக்கத் தெரியாது என்பதுதான் காரணம். புள்ளிகள் வளைந்து கிடந்தாலும், இரு கூட்டங்களாகப் பிரிந்து நின்றாலும், ஒரே ஒரு புள்ளி மட்டும் தொலைவில் நின்று கோட்டைத் தன் பக்கம் இழுத்தாலும், அந்த முறை ஒரு சாய்வையும், கிடை அச்சின் மதிப்பு பூச்சியமாகும் இடத்தில் கோட்டின் உயரமான ஒரு வெட்டுத்துண்டையும் கொடுத்துவிடும். அவற்றோடு, விடையின் நிச்சயமின்மையை அளக்கும் திட்டப்பிழையையும், தொடர்பே இல்லாதபோதும் இத்தகைய சாய்வு தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்பையும் அதே நம்பிக்கையான தோற்றத்தில் அச்சிட்டுத் தரும்.

புள்ளியியலாளர் பிரான்சிஸ் அன்ஸ்கோம் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட நான்கு சிறு தரவுத்தொகுப்புகள் இதற்குப் புகழ்பெற்ற சான்று. ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள் உள்ளன. நான்கிலும் கிடை அச்சில் வரும் எக்ஸின் சராசரி 9, நிலைக்குத்து அச்சில் வரும் ஒய்யின் சராசரி 7.5, இரண்டும் எவ்வளவு நெருக்கமாக ஒரு நேர்கோட்டில் சேர்ந்து மாறுகின்றன என்பதை −1 முதல் 1 வரை சொல்லும் ஒட்டுறவுக் கெழு 0.82, நான்குக்கும் பொருந்தும் கோடு 3 என்ற வெட்டுத்துண்டும் 0.5 என்ற சாய்வும் கொண்ட ஒரே கோடுதான். வரைந்து பார்த்தால், முதலாவது கோட்டைச் சுற்றி இயல்பாகச் சிதறிய புள்ளிகளைக் காட்டுகிறது. இரண்டாவது தெளிவான வளைவு. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் வேறொரு கோட்டின் மீது கச்சிதமாக அமர்ந்திருக்க, ஒன்று மட்டும் உயரத்தில் நிற்கிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகளுக்கு எக்ஸ் மதிப்பு 8 என்றே இருக்க, 19இல் நிற்கும் ஒற்றைப் புள்ளிதான் சாய்வு முழுவதையும் தீர்மானிக்கிறது. இவை வேண்டுமென்றே அமைக்கப்பட்டவை என்பது உண்மை. ஆனால் இந்த நான்கு கோளாறுகளும் நடைமுறைத் தரவில் அன்றாடம் வருபவை.

படத்தில் நான் எதைத் தேட வேண்டும்? இரு மாறிகளுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பதையா?

அது இரண்டாம் பட்சம். தொடர்பின் வலிமையை எண்ணாலேயே சொல்லிவிடலாம். நேர்கோட்டு ரிக்ரெஷன் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தருகிறது: எக்ஸ் ஓர் அலகு கூடும்போது ஒய்யின் சராசரி எவ்வளவு மாறுகிறது? இந்தத் தரவில் அந்தக் கேள்விக்கு ஒற்றை விடை இருக்கிறதா என்பதைத்தான் படத்தில் பார்க்க வேண்டும். இடப்பக்கத்தில் ஒரு சாய்வும் வலப்பக்கத்தில் வேறொரு சாய்வும் தெரிந்தால் ஒற்றை விடை இல்லை. இரண்டு இனங்கள் கலந்து கிடந்து, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு போக்கைக் கொண்டிருந்தாலும் இல்லை. ஒரு புள்ளியை நீக்கியதும் விடை மாறிவிடுமானால், அந்த விடை தரவினுடையது அல்ல, அந்தப் புள்ளியினுடையது.

இதற்குப் பிறகே மற்றவை வருகின்றன: சிதறலின் அகலம் எங்கும் ஒரே அளவில் இருக்கிறதா, எக்ஸ் மதிப்புகள் எந்த எல்லைக்குள் அடங்குகின்றன, இடையில் வெற்றிடம் உண்டா, ஏதேனும் ஒரு மதிப்பில் புள்ளிகள் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடுகின்றனவா என்பவை.

ஓர் உண்மையான தரவை எடுத்து, படத்தை எப்படி வாசிப்பது என்று காட்ட முடியுமா?

ஆர் மொழியுடன் வரும் கார்ஸ் என்ற தொகுப்பை எடுத்துக்கொள்வோம். 1920களில் பதிவு செய்யப்பட்ட 50 அளவீடுகள். மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் கார் ஓடியது, நிற்பதற்கு எத்தனை அடி தூரம் எடுத்துக்கொண்டது என்ற இரண்டு எண்கள் மட்டுமே இதில் உள்ளன. வேகம் 4 முதல் 25 வரையும், தூரம் 2 முதல் 120 வரையும் இருக்கின்றன.

நேராகக் கோட்டைப் பொருத்தினால், வேகம் ஒரு மைல் கூடும்போது நிற்கும் தூரம் 3.93 அடி கூடுகிறது என்றும், வெட்டுத்துண்டு −17.6 அடி என்றும், தூரத்தின் மாறுபாட்டில் 65 விழுக்காட்டைக் கோடு விளக்குகிறது என்றும் விடை வருகிறது. பி-மதிப்பு மிக மிகச் சிறியது. பல அறிக்கைகள் இத்துடன் முடிந்துவிடும்.

படத்தை வரைந்து, கோட்டை அதன் மேல் வைத்துப் பாருங்கள். 4 மைல் வேகத்தில் கோடு கணிக்கும் தூரம் பூச்சியத்துக்கும் கீழே, ஏறத்தாழ −1.9 அடி, அங்குள்ள இரண்டு கார்களும் கோட்டுக்கு மேலே நிற்கின்றன. 12 மைல் வேகத்தில் உள்ள நான்கு கார்களும் கோட்டுக்குக் கீழே. 20 மைலில் ஐந்தில் நான்கு கீழே. 24 மைலுக்குப் போனால் நான்கில் மூன்று மறுபடியும் மேலே. இரு முனைகளிலும் மேலே, நடுவில் கீழே என்ற இந்த அமைப்பு, புள்ளிகள் மேல்நோக்கி வளைகின்றன என்பதன் அடையாளம்.

இந்த வளைவுக்கு இயற்பியல் காரணம் உண்டு என்பதால்தான் இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதற்குள் கார் ஓடிவிடும் தூரம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. பிரேக் பிடித்த பின் ஓடும் தூரமோ, இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் கூடக்கூட இரண்டாவது பகுதியே ஓங்கும். அப்படியிருக்க, ஒரு மைலுக்கு இத்தனை அடி என்ற ஒற்றை விடையை இந்தத் தரவிடம் கேட்பதே பொருத்தமற்றது.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது சிதறலின் அகலம். 10 மைல் வரையான வேகங்களில், ஒரே வேகத்தில் ஓடிய கார்களுக்கு இடையிலான வேறுபாடு 18 அடியைத் தாண்டவில்லை. 14 மைலில் அது 54 அடி. 24 மைலில் 50 அடி. கோட்டைச் சுற்றிய பிழையின் அளவு எங்கும் ஒன்றே என்ற அனுமானத்தில்தான் வழக்கமான திட்டப்பிழைகள் கணக்கிடப்படுகின்றன. அந்த அனுமானம் இங்கே நிற்கவில்லை. எனவே மெதுவாக ஓடும் காரின் தூரம் எந்த எல்லைக்குள் விழும் என்று சொல்லும் கணிப்பு இடைவெளி தேவைக்கு மேல் அகன்றும், வேகமாக ஓடும் காருக்கானது தேவைக்குக் குறைவாகக் குறுகியும் வரும்.

வளைவு தெரிகிறது. இனி என்ன செய்வது?

இரண்டு வழிகள் உள்ளன: எக்ஸின் வர்க்கத்தைக் கூடுதல் உறுப்பாகச் சேர்க்கலாம், அல்லது மாறிகளில் ஒன்றையோ இரண்டையுமோ உருமாற்றலாம். கார் தரவில் தூரத்தின் வர்க்கமூலத்தை எடுத்து மறுபடி வரைந்தால், வளைவு பெருமளவு நிமிர்கிறது, அகலமும் ஓரளவு சீராகிறது. ஒரே உருமாற்றம் இரண்டு கோளாறுகளையும் தணிப்பது அரிதல்ல. ஆனால் உருமாற்றத்துக்கு முன்னும் பின்னும் வந்த, கோடு விளக்கும் மாறுபாட்டின் பங்கைச் சொல்லும் ஆர்-வர்க்க மதிப்புகளை ஒப்பிட்டு வெற்றி கொண்டாடக் கூடாது. முதலாவது அடியின் மாறுபாட்டையும் இரண்டாவது அடியின் வர்க்கமூலத்தின் மாறுபாட்டையும் அளப்பதால், அவை ஒப்பிடத் தக்க எண்கள் அல்ல.

மடக்கை உருமாற்றத்தின் வலிமையைக் காட்ட, 62 பாலூட்டி இனங்களின் உடல் எடையையும் மூளை எடையையும் கொண்ட தொகுப்பைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதில் இடைநிலை இனத்தின் உடல் எடை 3.3 கிலோ, ஆப்பிரிக்க யானையின் எடை 6,654 கிலோ. சாதாரண அளவுகோலில் வரைந்தால் ஏறத்தாழ எல்லா இனங்களும் இடப்பக்க மூலையில் ஒரு கறையாகச் சுருங்கிவிடுகின்றன. இரண்டு யானைகள் மட்டும் எங்கோ வலப்பக்கம் நிற்கின்றன. ஒட்டுறவுக் கெழுவோ 0.93! இரு அச்சுகளுக்கும் மடக்கை எடுத்தால் மூஞ்சூறு முதல் யானை வரை எல்லாம் ஒரே நேர்ப்பட்டையில் வரிசையாக வந்துவிடுகின்றன. சாய்வு 0.75, அதாவது உடல் எடை இரட்டிப்பாகும்போது மூளை எடை ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. மனிதன் அந்தக் கோட்டுக்கு வெகு மேலே நிற்கிறான்: 62 கிலோ உடலுக்குக் கோடு கணிப்பது 190 கிராமை ஒட்டிய மூளை, தொகுப்பில் உள்ள அளவு 1,320 கிராம். சாதாரண அளவுகோலில் மனிதனை அந்தக் கறைக்குள் கண்டுபிடிப்பதே கடினம்.

ஒட்டுறவுக் கெழு 0.9க்கு மேல் இருந்தால் படம் வரைவதைத் தவிர்க்கலாமா?

கூடாது. மேலே சொன்ன 0.93ஐ நினைவில் கொள்ளுங்கள்.

புள்ளிகள் இரண்டு கூட்டங்களாகத் தெரிகின்றன. ஒரே கோட்டைப் பொருத்தலாமா?

அந்தக் கூட்டங்கள் எப்படி வந்தன என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உள்ள ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்றின் 272 வெடிப்புகள் ஒரு தொகுப்பில் உள்ளன. ஒரு வெடிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது, அடுத்ததற்கு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பவை அதன் இரு மாறிகள். ஒட்டுறவுக் கெழு 0.90, கோட்டின்படி, வெடிப்பு ஒரு நிமிடம் கூடுதலாக நீடித்தால் காத்திருப்பு 10.7 நிமிடம் கூடுகிறது. படத்திலோ இரண்டு தனித்தனிக் கூட்டங்கள்: இரண்டு நிமிடத்தை ஒட்டிய குறுகிய வெடிப்புகள், நான்கரை நிமிடத்தை ஒட்டிய நீண்ட வெடிப்புகள். 2.5க்கும் 3.5க்கும் இடையில் நீடித்தவை 12 மட்டுமே. வெடிப்பின் சராசரி நேரம் 3.49 நிமிடம், ஏறத்தாழ எதுவும் நிகழாத அந்த இடைவெளியில்தான் விழுகிறது. அடுத்த வெடிப்பு எப்போது என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்வதற்கு அந்தக் கோடு போதும். உண்மையில் பூங்காப் பணியாளர்களும் முந்தைய வெடிப்பின் நேரத்தைக் கொண்டுதான் கணிக்கிறார்கள். ஆனால் 10.7 என்ற சாய்வு, பெரும்பாலும், இரு கூட்டங்களின் மையங்களை இணைக்கும் கோட்டின் சாய்வு; அதை ஊற்றின் உள்ளியக்கத்தைச் சொல்லும் எண்ணாக வாசிக்கக் கூடாது.

இதைவிடத் தீவிரமானது அண்டார்க்டிகாவின் பால்மர் தீவுக்கூட்டத்தில் 2007 முதல் 2009 வரை அளக்கப்பட்ட பென்குவின்களின் தரவு. அலகின் நீளத்தையும் அதன் ஆழத்தையும் வரைந்து ஒரே கோடு போட்டால் அது கீழ்நோக்கிச் சாய்கிறது, கெழு −0.24. நீண்ட அலகுள்ள பறவைக்கு அலகின் ஆழம் குறைவு என்று பொருள் கொள்ளத் தோன்றும். அடெலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ என்ற மூன்று இனங்களுக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்து வரைந்தால், ஒவ்வோர் இனத்துக்குள்ளும் போக்கு மேல்நோக்கியே இருக்கிறது. கெழுக்கள் முறையே 0.39, 0.65, 0.64. நீண்டதும் ஆழம் குறைந்ததுமான அலகுகளைக் கொண்ட ஜென்டூ கூட்டம் வலப்பக்கம் கீழே நிற்பதால்தான் மொத்தக் கோடு கவிழ்ந்தது. குழு மாறி ஒன்று கையில் இருக்கும்போது அதற்கு நிறம் கொடுக்காமல் வரைந்த சிதறல் வரைபடத்தை நான் பாதி வேலை என்றே கருதுவேன்.

விலகி நிற்கும் புள்ளியை நீக்கிவிடலாமா?

விலகி நிற்கிறது என்பது மட்டுமே நீக்குவதற்குக் காரணமாகாது. முதலில் அது எந்தத் திசையில் விலகுகிறது என்று பாருங்கள். கிடைமட்டத்தில் மற்றவற்றோடு நின்று, உயரத்தில் மட்டும் விலகும் புள்ளி, நடுப்பகுதியில் இருந்தால் சாய்வை அதிகம் மாற்றாது. கிடைமட்டத்தில் தொலைவில் நிற்கும் புள்ளிக்கே நெம்புதிறன், அதாவது கோட்டைத் தன் பக்கம் இழுக்கும் திறன், அதிகம். அது கோட்டின் மேலேயே நின்றாலும், அந்தக் கோட்டை அதுவே இழுத்து வைத்திருக்கலாம்.

அடுத்து, அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று மூலப் பதிவில் தேடுங்கள். தசமப் புள்ளி இடம் மாறியிருந்தால் திருத்துங்கள். வேறு அலகில் அளந்திருந்தால் மாற்றுங்கள். அளவீடு சரியானதென்றால் அது தரவின் ஒரு பகுதி. அதைச் சேர்த்தும் நீக்கியும் இருமுறை பொருத்தி, இரண்டு விடைகளையும் அறிக்கையில் கொடுப்பதே நேர்மையான வழி. அன்ஸ்கோமின் மூன்றாம் தொகுப்பில் அந்த ஒற்றைப் புள்ளியை நீக்கினால் சாய்வு 0.50இலிருந்து 0.35க்கு இறங்குகிறது, இந்த வேறுபாட்டை அறிவது வாசகரின் உரிமை. யானைகளையும் மறக்க வேண்டாம்: சாதாரண அளவுகோலில் விலகி நின்ற அவை, மடக்கை அளவுகோலில் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டன. விலகல் சில வேளைகளில் புள்ளியின் குணமல்ல, நாம் தேர்ந்தெடுத்த அளவுகோலின் விளைவு.

எந்த மாறியை எந்த அச்சில் வைப்பது? மாற்றி வைத்தால் என்ன?

கணிக்க விரும்பும் சார்ந்த மாறியை நிலைக்குத்து அச்சிலும், கணிக்கப் பயன்படும் சாரா மாறியைக் கிடை அச்சிலும் வைப்பது மரபு. ஒட்டுறவுக் கெழுவுக்கு இடமாற்றத்தால் எந்த வேறுபாடும் இல்லை. ரிக்ரெஷன் கோட்டுக்கு உண்டு. வெந்நீர் ஊற்றுத் தரவில் வெடிப்பு நேரத்தைக் கொண்டு காத்திருப்பைக் கணித்தால் சாய்வு 10.7. காத்திருப்பைக் கொண்டு வெடிப்பு நேரத்தைக் கணித்தால் சாய்வு 0.0756; இதைத் தலைகீழாக்கினால் வருவது 10.7 அல்ல, 13.2. முதல் கோடு செங்குத்துத் தொலைவுகளைச் சிறுமமாக்குகிறது, இரண்டாவது கிடைத் தொலைவுகளை. எந்தக் கேள்வி நம்முடையது என்பதைப் படம் வரையும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து படம் கறுத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

புள்ளிகளைச் சிறிதாக்கி, ஒளிபுகும் தன்மையைக் கூட்டுங்கள். அதுவும் போதாவிட்டால், தளத்தை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை புள்ளிகள் என்பதை நிற அடர்த்தியால் காட்டுங்கள். முழு எண்களாக மட்டுமே பதிவான மாறிக்குச் சிறிய தற்செயல் நகர்வைக் கொடுத்துப் பரப்பலாம், படத்துக்கு மட்டும். பொருத்தும் தரவைத் தொடக் கூடாது.

ஆர் மொழியில் படம் வரைவதற்கான ஜிஜிபிளாட் தொகுப்பில் உள்ள 53,940 வைரங்களின் எடையையும் விலையையும் இப்படி வரைந்தால், கறுப்புத் திரளில் மறைந்திருந்தவை வெளிவருகின்றன. 1 கேரட், 1.5 கேரட், 2 கேரட் ஆகிய எடைகளில் செங்குத்துக் கோடுகளாகப் புள்ளிகள் குவிகின்றன. 18,823 டாலருக்கு மேல் ஒரு வைரமும் இல்லை. பெரிய கற்களின் புள்ளிகள் அந்த உயரத்தில் வெட்டியதுபோல் நின்றுவிடுகின்றன. அதற்கு மேற்பட்ட விலைகள் தரவில் இடம்பெறாததால், பெரிய கற்களையும் சேர்த்துப் பொருத்தும் கோடு உண்மையைவிடத் தாழ்வாகவே வரும். ஒட்டுறவுக் கெழு இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

எக்ஸும் ஒய்யும் மணி வடிவ இயல்நிலைப் பரவலில் இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இயல்நிலை பற்றிய அனுமானம் கோட்டைச் சுற்றிய பிழைகளைப் பற்றியது. எக்ஸ் எப்படிப் பரவியிருந்தாலும் முறைக்குத் தடையில்லை, நெம்புதிறன் மிக்க புள்ளிகளை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும்.

சாரா மாறிகள் பல இருந்தால், ஒவ்வொன்றாக ஒய்யோடு வரைந்து பார்த்தால் போதுமா?

தொடக்கமாக அது நல்லது. பிழைகளும் வளைவுகளும் அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் சாய்வுகளைப் பற்றி அந்தப் படங்கள் தவறாக வழிகாட்டக்கூடும், ஏனெனில் பல்மாறி ரிக்ரெஷனின் ஒவ்வொரு சாய்வும் மற்ற மாறிகள் மாறாதபோது என்ற நிபந்தனையோடு வருவது. 1974ஆம் ஆண்டின் மோட்டார் டிரெண்ட் இதழிலிருந்து எடுக்கப்பட்ட 32 கார்களின் தரவில், கையால் கியர் மாற்றும் கார்கள் தானியங்கிக் கார்களைவிடச் சராசரியாக ஒரு கேலனுக்கு 7.2 மைல் கூடுதலாக ஓடுகின்றன. காரின் எடையைச் சேர்த்துப் பொருத்தியதும் அந்த வேறுபாடு ஏறத்தாழப் பூச்சியமாகிவிடுகிறது. அந்தத் தரவில் தானியங்கிக் கார்கள் கனமானவை, அவ்வளவுதான். இத்தகைய நிலையில் ஒய்யிலிருந்தும் குறிப்பிட்ட சாரா மாறியிலிருந்தும் மற்ற மாறிகளின் பங்கை நீக்கி, எஞ்சிய எச்சங்களை ஒன்றுக்கொன்று எதிராக வரையும் படமே உரிய சிதறல் வரைபடம்.

படத்தைப் பார்த்துவிட்டு மாதிரியைத் தேர்ந்தெடுப்பது ஏமாற்று ஆகாதா?

இந்த ஐயம் நியாயமானது. இதை எளிதில் ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எக்ஸ் மதிப்புகள் எங்கே இருக்கின்றன, பதிவுப் பிழை உண்டா என்று பார்ப்பதில் தீங்கில்லை. ஆனால் இருபது மாறிகளை ஒய்யோடு வரைந்து, அழகாகச் சாய்ந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பொருத்தி, அதன் பி-மதிப்பை முன்கூட்டியே அந்த ஒன்றை மட்டும் சோதித்ததுபோல் அறிவித்தால், அந்த மதிப்புக்குச் சொன்ன பொருள் இல்லை. தரவு போதுமான அளவு இருந்தால் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, மறு பகுதியில் ஆராய்ந்து, ஒதுக்கியதில் சோதிக்கலாம். சிறிய தரவென்றால், என்னென்ன வரைந்தோம், எவற்றைப் பார்த்து முடிவெடுத்தோம் என்பதை எழுதிவைப்பதே மிஞ்சும் வழி.

படத்தின் எல்லைக்கு அப்பால் கோட்டை நீட்டலாமா?

கார் தரவில் மணிக்கு 60 மைல் வேகத்துக்குக் கணித்துப் பாருங்கள். நேர்கோடு 218 அடி என்கிறது. வர்க்கமூல உருமாற்றத்தோடு பொருத்திய கோடு 425 அடி என்கிறது. 15 மைல் வேகத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 4 அடிதான். தரவு 25 மைலில் முடிந்துவிடுகிறது; அதற்கு மேல் பேசுவது நாம் தேர்ந்த சூத்திரம்.

கோட்டைப் பொருத்திய பிறகும் படம் வேண்டுமா?

வேண்டும், ஆனால் வேறொரு படம். பொருத்திய மதிப்பைக் கிடை அச்சிலும், உண்மையான மதிப்புக்கும் அதற்கும் உள்ள வேறுபாடான எச்சத்தை நிலைக்குத்து அச்சிலும் வைத்தால், மூலப் படத்தில் சாய்வின் பின்னால் ஒளிந்திருந்த வளைவும் விரிவும் பெரிதாகத் தெரியும். அளவீடுகள் கால வரிசையில் வந்தவையென்றால் எச்சங்களை அந்த வரிசையிலும் வரையுங்கள், ஏனெனில் சிதறல் வரைபடம் எந்தப் புள்ளி முன்னால் வந்தது என்பதை முற்றிலும் மறந்துவிடுகிறது. யெல்லோஸ்டோன் ஊற்றில் குறுகிய வெடிப்பை அடுத்துப் பெரும்பாலும் நீண்ட வெடிப்பே வருகிறது; 272 புள்ளிகளும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டு கணக்கிட்ட திட்டப்பிழையை அப்படியே நம்புவதற்கு முன் அந்த வரிசைப் படத்தைப் பார்த்தாக வேண்டும்.